ஒடுக்கு, இறுக்கம், ஒழுகல்: மலைக்குளிரில் பித்தளை வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் முறை

டிரம்பெட் ஒன்று சர்ச் பெஞ்சிலிருந்து நழுவி விழுந்தால் ஒரு ஒடுக்கு விழும். அதை எடுக்கிறேன் என்று யாராவது குறட்டையும் இரும்புச் சுத்தியலையும் கையில் எடுத்தால் அந்த ஒன்று மூன்றாகும்: ஊதுவாயிலிருந்து போகும் மவுத்பைப் முறுகும், குழாய்களைத் தாங்கும் பிரேஸ் பற்று விடும், வால்வு உறை கோணும். முதல் அடியைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். இரண்டாவது அடிக்குத்தான் மருந்து கிடைப்பதில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பேண்டு செட், சர்ச் குழு, பள்ளி பேண்டு வைத்திருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் இங்கே இருக்கின்றன. எதில் கை வைக்கக் கூடாது என்பதும் இடையிடையே வரும். உதாரணங்கள் பெரும்பாலும் டிரம்பெட்டை வைத்துச் சொன்னவை. கார்னெட், யூஃபோனியத்துக்கும் முறை ஒன்றுதான், அளவுகள் மாறும்.

மலை செய்யும் வேலை

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று 1 டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும். 100 சென்ட் சேர்ந்தால் அரைச் சுரம். அதனால் குளிர்காலத்தில் வாசிக்க வருபவர், கீபோர்டோடு சேரவில்லை என்று டியூனிங் ஸ்லைடை (சுருதி கூட்டிக் குறைக்க, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய் வளைவு) அடிவரை தள்ளிவிடுவார். வாசித்து முடித்ததும் அப்படியே பெட்டியில் வைத்து மூடுவார். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி, இரண்டு குழாய்க்கும் நடுவில் பச்சைக் களிம்பு கட்டி, ஈஸ்டருக்கு இழுத்தால் அசையாது. இங்கே இறுகிப்போகும் ஸ்லைடுகளில் பலவற்றின் கதை இதுதான். குளிர்ந்த வாத்தியத்துக்கு ஸ்லைடைத் தள்ளுவது வைத்தியமே அல்ல. ஐந்து நிமிடம் ஓசையில்லாமல் உள்ளே மூச்சு விட்டுச் சூடாக்கினால் சுருதி தானே ஏறும்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். வால்வுக்கு அதை விடுவது சமவெளியிலேயே தப்பு, இங்கே இன்னும் பெரிய தப்பு. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். காலையில் குளியலறைப் புட்டிக்குள் வெள்ளையாக நிற்கிறதே, அதேதான் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியும் நிற்கும். வால்வு ஆயில் என்றே விற்கும் மெல்லிய எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதீர்கள். நீலகிரித் தைலமும் வேண்டாம். அது ஆவியாகிப் போய்விடும், வழுவழுப்புத் தராது. பெல்லில், அதாவது விரிந்த வாயில், ஒட்டிக் கிடக்கும் செல்லோடேப் பசையை எடுக்க மட்டும் தைலம் அருமையான பொருள். துணியில் நாலு சொட்டு விட்டுத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஊறவிட்டால் லாக்கர் பூச்சு இளகும்.

மூன்றாவது பலர் யோசிக்காத ஒன்று: அம்மோனியா. பித்தளைக்குள் வளைத்ததால் தங்கிய இழுவிசை இருந்து, மேலே ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், யாரும் தொடாமலே வெடிப்பு விடும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் கிடந்து இப்படித்தான் வெடித்தன. காரணம் லாயத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. எஸ்டேட் பக்கம் பேண்டு சாமான்களை உர மூட்டை அடுக்கிய ஸ்டோரிலோ மாட்டுக் கொட்டகைப் பரணிலோ வைக்கும் வழக்கம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையிலும் மூடுபனியிலும் அந்த அறை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடத்தை மாற்றுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), சின்னதாக. துருவிளக்கி எண்ணெய். ஓரங்குல அகலப் பருத்தி நாடா இரண்டு முழம். குழாய் துலக்கும் வளைகம்பி பிரஷ். வெர்னியர் அளவுகோல். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி. தையல் கடையில் கிடைக்கும் கம்பளி ஃபெல்ட் துண்டு, நல்ல கார்க். கேஸ் டார்ச், சால்டரிங் ஈயம், ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டுகள், அளவு வாரியாக. சிக்கிய மவுத்பீஸை இழுத்தெடுக்கும் மவுத்பீஸ் புல்லர் ஒன்று. பேண்டுக்கு ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும், அதற்குச் செலவழிப்பது வீணே அல்ல. குறடும் பைப் ரெஞ்சும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை மேசைமேல் இருந்தால் கை தானாகப் போகும், அதனால் வேறு அறையில் வையுங்கள்.

முதலில் கழுவுதல்

எந்தப் பழுதுக்கும் முன்பு வாத்தியத்தைக் கழுவுங்கள். சிக்கிய வால்வு என்று கொண்டுவருவதில் கணிசமானவை அழுக்குதான். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவு போதும். கொதிக்கும் நீரில் முழு வாத்தியத்தையும் முக்கினால் லாக்கர் உரிந்து வரும். பிஸ்டன்களைக் கழற்றித் துணிமேல் 1, 2, 3 என வரிசையாக வையுங்கள். எண் பிஸ்டனிலேயே பொறித்திருக்கும். ஃபெல்ட் நனையாமல் துளையுள்ள பகுதியை மட்டும் அலசுங்கள்.

குத்துவிளக்குக்குப் புளி சரி, டிரம்பெட்டுக்குச் சரியல்ல. புளியின் அமிலம் மேல்தோலைக் கரைக்கும். லாக்கர் விட்ட இடத்தில் பித்தளை ரோஜா நிறமாகத் திட்டுத் திட்டாக மாறும். பின்னால் செந்நோய் என்று ஒன்றைச் சொல்லப் போகிறோம்; புளி போட்ட வாத்தியத்தில் இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. பாத்திரம் தேய்க்கும் பொடியையும் பிஸ்டன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏன் என்பது வால்வுப் பகுதியில் புரியும்.

மவுத்பீஸ் சிக்கினால்

மவுத்பீஸின் கால் மெல்லக் குறுகிக்கொண்டே போகும். டிரம்பெட்டில் ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இவ்வளவு மெல்லிய சரிவு ஆப்பு மாதிரி வேலை செய்யும். உள்ளங்கையால் ‘டப்’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும், பூட்டிக்கொள்ளும். எல்லாரும் செய்வது, மவுத்பீஸை ஒரு கையிலும் வாத்தியத்தை மறு கையிலும் பிடித்து முறுக்குவது. முறுக்கு விசை நேராக மவுத்பைப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் பிரேஸுக்கும் போகும். அங்கே இருப்பது மெல்லிய ஈயப் பற்று. முதலில் விடுவது அதுதான்.

சேருமிடத்தில் துருவிளக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓரிரவு வையுங்கள். காலையில் மவுத்பீஸ் செருகும் ரிசீவரை வெந்நீரில் பிழிந்த துணியால் சுற்றி, மவுத்பீஸ் கோப்பையில் ஐஸ் துண்டு போடுங்கள். வெளிக்குழாய் விரியும், உள்ளே இருப்பது சுருங்கும். கொட்டாப்புளியின் பிடியால் ரிசீவரைச் சுற்றி மெல்லத் தட்டியபடி நேராக இழுங்கள். வராவிட்டால் புல்லர். புல்லரின் இரண்டு திருகுகளையும் மாறி மாறிக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். ஒரே பக்கம் திருகினால் கோணலாக இழுத்து ரிசீவரை முட்டை வடிவமாக்கிவிடும்.

வெளியே வந்த மவுத்பீஸின் கால் நுனியைப் பாருங்கள். கீழே விழுந்து நசுங்கியிருந்தால் அது வட்டமாக இருக்காது, அடுத்த முறையும் சிக்கும், சுருதியும் கெடும். லேத் பட்டறையில் காலின் உள்ளளவுக்குக் குறுகலாக ஒரு எஃகு முளை கடைந்து வாங்குங்கள். காய்ந்த தேயிலைக் கட்டையும் சின்ன நசுங்கலுக்குத் தாங்கும், அந்த அளவுக்குக் கெட்டி. முளையை எண்ணெய் தடவி உள்ளே வைத்து, திருப்பித் திருப்பி அழுத்தினால் நுனி வட்டத்துக்கு வரும்.

இறுகிய ஸ்லைடு

டிரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடில் எண்ணெய் விடும்போது பெல் மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் வெளிக்குழாயின் வாய் மேல்நோக்கி இருக்கும், எண்ணெய் இடுக்கில் இறங்கும். மேசைமேல் படுக்கவைத்து எண்ணெய் விட்டால் மேசைதான் குடிக்கும். இரண்டு கால்களிலும் விட்டு, ஓரிரவு.

மறுநாள் வெளிக்குழாயின்மேல் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். மலைமேல் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பற்றுவைத்த ஈயம் இளக 183 டிகிரியாவது வேண்டும். ஆகவே தண்ணீரால் பற்று விடாது. லாக்கருக்காக 60, 70 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம். உடனே பருத்தி நாடாவை ஸ்லைடின் வளைவுக்குள் கோத்து, இரு முனையையும் கையில் சுற்றிக்கொண்டு, இன்னொருவர் அந்த ஸ்லைடின் வெளிக்குழாயைப் பிடித்திருக்க, குழாயின் நேர்கோட்டில் வெடுக்கென்று இழுங்கள். பெல்லைப் பிடித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. விசை பெல் பிரேஸுக்குப் போகும். தொடர்ந்து பலமாக இழுப்பதைவிடச் சின்னச் சின்ன வெடுக்குகள்தான் களிம்பை உடைக்கும்.

ஒரு கால் மட்டும் நகர்ந்து மற்றது நின்றால் உடனே நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்தால் வளைவு கோணி, நகர்ந்த காலும் இறுகும். நின்ற காலுக்கு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் ஓரிரவு. மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. திருவிழா நாளைக்கு என்பது களிம்புக்குத் தெரியாது.

வால்வு ஸ்லைடு என்றால் அந்தந்த வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, இறுகாத ஸ்லைடும் இறுகியதுபோலத் தெரியும்.

வெளியே வந்த கால்களில் உப்புத்தாள் போடாதீர்கள். பித்தளை பாலிஷ் தொட்ட துணியால் களிம்பைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வாஸ்லின் மெல்லிய பூச்சாகத் தடவிச் செருகுங்கள். இனி வாசித்து முடித்ததும் ஸ்லைடை ஒரு விரல் அகலம் வெளியே இழுத்து வைத்துவிட்டுப் போகட்டும்.

வால்வு சிக்கும்போது

டிரம்பெட் பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையே இருப்பது 0.025 முதல் 0.05 மி.மீ. வரைதான், அதாவது தலைமுடி கனத்தில் பாதி சுமார். பாத்திரப் பொடியின் ஒரு துகள் போதும் கீறல் விழ. மெக்கானிக் கடையில் என்ஜின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்டை வைத்துப் பிஸ்டனைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஜோராக ஓடும். அந்தப் பொடி மெத்தென்ற பித்தளைக்குள் பதிந்துகொண்டு பிறகும் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் காற்று கசிந்து மேல் சுரங்கள் நிற்காது. பிஸ்டனை மட்டும் புதிதாக வாங்கிப் போடவும் முடியாது. ஒவ்வொன்றும் அதனதன் உறைக்கென்றே பொருத்தித் தேய்த்தது.

ஆகவே தேய்க்கும் முன் எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிஸ்டனையும் உறையையும் சுத்தமாகத் துடைத்து, ஸ்பிரிங்கையும் கீழ் மூடியையும் கழற்றுங்கள். பிஸ்டனை எண்ணெயில்லாமல் மேலிருந்து மெல்ல விடுங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும். நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ் வாயிலிருந்து விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் உறையின் ஒரே இடத்தில் நின்றால் உறையில் ஒடுக்கு. பிஸ்டனைத் திருப்பித் திருப்பி விடும்போது, உறையில் எந்த இடமானாலும் பிஸ்டனின் ஒரே பக்கமே பிடித்தால் பிஸ்டனில் வீக்கம். பிஸ்டன்மேல் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி ஒருமுறை இறக்கி ஏற்றினால், மை அழிந்து பளிச்சென்று தெரியும் புள்ளிதான் குற்றவாளி. பார்த்ததும் ஸ்பிரிட்டால் மையைத் துடைத்துவிடுங்கள்.

டிரம்பெட்டில் இரண்டாவது வால்வுதான் அடிக்கடி இப்படி வரும். இரண்டாவது ஸ்லைடு பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதால், வாத்தியம் அந்தப் பக்கம் விழும்போது குட்டிக் குழாய் சுத்தியல்போல உறைக்குள் இடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைக் கையால் எடுக்க வழியில்லை. உறையின் அளவைவிட நூலிழை குறைவாகக் கிரைண்ட் செய்த எஃகு உருளை உள்ளே போக வேண்டும். அனுப்பிவையுங்கள்.

கையில் ஆகும் வால்வு வேலைகளும் உண்டு. காற்றே போகவில்லை என்றால் பிஸ்டன் எண் மாறியிருக்கும், அல்லது வழிகாட்டி காடியில் உட்கார்ந்திருக்காது. மெல்லத் திருப்பினால் ‘டிக்’ என்று உட்காரும். அழுத்தியது மெதுவாக மேலே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்தது. இழுத்து நீட்டினால் இரண்டு நாள் வேலை செய்யும், பிறகு முன்னைவிட மோசம், புதிதாகப் போடுங்கள். சத்தம் மந்தமாக, அடைத்த மாதிரி வந்தால் ஃபெல்ட் நசுங்கி, பிஸ்டன் துளையும் குழாய்த் துளையும் விலகியிருக்கும். இரண்டாவது ஸ்லைடைக் கழற்றி, டார்ச் லைட் அடித்து, சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்தால் பிறை வடிவில் பிஸ்டன் சுவர் எட்டிப் பார்க்கும். பிறை மறையும் வரை ஃபெல்ட் கனத்தை மாற்ற வேண்டும். அழுத்தாத நிலைக்கு ஒரு ஃபெல்ட், அழுத்திய நிலைக்கு ஒன்று. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதையும் பாருங்கள்.

ஒடுக்கு எடுத்தல்

டிரம்பெட் பெல்லின் தகடு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அதை இரும்புக்கும் சுத்தியலுக்கும் நடுவில் வைத்து அடித்தால் ஒடுக்கு போகாது; தகடு நசுங்கிப் பரப்பு கூடும். கூடின பரப்புக்குப் போக இடமில்லாமல் எண்ணெய் டின் அடி மாதிரி ‘டக் டக்’ என்று உள்ளும் புறமும் துள்ளும். அந்த நிலைக்கு வந்த பெல்லைத் திரும்பப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது பட்டறைக்காரருக்கே கஷ்டம். அதனால் அடிக்காமல் தேய்க்க வேண்டும்.

25 மி.மீ. கனமுள்ள இரும்பு உருளையின் நுனியை உருண்டையாக்கிக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைஸில் இறுக்குங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் அது பெல்லின் உட்பக்கம் அச்சாகும். இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, பெல்லின் உட்பக்கத்தை உருளைமேல் வைத்து, ஒடுக்கின் ஓரத்திலிருந்து தொடங்கி வட்டமாகச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். இரண்டு கையாலும் அழுத்தி, முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் பெரிய வளைவு, பிறகு சின்ன ஒடுக்கு, கடைசியில் மடிப்புக் கோடு. பெல் ஒரு பக்கம் மடங்கியிருந்தால் மடிப்பை அழிக்கப் பார்க்கும் முன்பு மொத்தமாகக் கையால் திருப்பி நிறுத்துங்கள். மடிப்புக் கோடு முழுதாக மறையாது. ஒவ்வொரு வளைவிலும் பித்தளை கெட்டியாகிக்கொண்டே போகும். ஒரே இடத்தை நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கினால் வெடிப்பு விடும். தடவினால் விரலுக்குத் தெரிகிறது, கேட்டால் காதுக்குத் தெரியவில்லை என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

வளைந்த குழாயில் விழுந்த ஒடுக்குக்குக் குண்டு முறை. டியூனிங் ஸ்லைடின் வளைவைக் கழற்றி உள்ளளவை அளக்கவும். பரவலாகக் கிடைக்கும் ஒரு டிரம்பெட் அளவு 11.68 மி.மீ. அதற்குப் பேரிங் குண்டில் 3/8 அங்குலம் (9.53), 13/32 (10.32), 7/16 (11.11), பிறகு 11.5 மி.மீ. என்று நாலு படி போதும். சிறியதிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய் விட்டுக் குண்டைப் போட்டு, ஒடுக்கில் அது நின்றதும் பின்னால் 9 மி.மீ.க்கும் சிறிய குண்டுகள் மூன்று நாலு போட்டு, இரு வாயையும் கார்க்கால் அடைத்துக் குலுக்குங்கள். சின்னக் குண்டுகள் பெரியதை உள்ளிருந்தே தட்டித் தட்டி முன்னே தள்ளும். தாண்டியதும் அடுத்த அளவு.

போன குண்டு திரும்பி வருமா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு படியைத் தாவி நேராக 11.5 போட்டவர்களின் குண்டு வளைவின் நடுவில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் அதை எடுக்க வளைவையே பற்று விடுவித்துக் கழற்ற வேண்டிவரும். சிக்கினால் எண்ணெய் விட்டு, சின்னக் குண்டுகளை எதிர்ப்பக்க வாயில் போட்டுக் குலுக்கித் திருப்பி அடியுங்கள்.

யூஃபோனியம், சூசாஃபோன் போன்றவற்றில் குழாய் அகலம் மாறிக்கொண்டே போவதால் வீட்டில் குண்டு சேர்ப்பது கட்டாது. கைக்கு எட்டும் பெல் ஒடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். பெரிய குழாயில் ஒரு சின்ன ஒடுக்கு சத்தத்தை ஒன்றும் செய்யாது. மவுத்பைப்பில் விழுந்த ஒடுக்கு செய்யும், அதுவும் முதல் சாண் நீளத்துக்குள் இருந்தால் நிச்சயம். டிராம்போன் கைஸ்லைடு தனி ரகம். அதில் நகத்தளவு ஒடுக்கும் ஓட்டத்தைக் கெடுக்கும், நேராக்க மட்டக்கல் வேண்டும், அதில் கை வைக்காதீர்கள்.

பற்று விட்ட பிரேஸ்

பிரேஸ் ஏன் விட்டது என்று முதலில் பாருங்கள். விழுந்ததில் குழாய் கோணி, பிரேஸ் இழுபட்டு விட்டிருக்கலாம். அப்படியே கம்பி கட்டி இறுக்கிப் பற்றவைத்தால் இழுவிசை உள்ளே தங்கும். ஒன்று மறுபடி விடும், அல்லது அந்த இழுவிசையில் பித்தளையே வெடிக்கும். குழாயை மெல்லத் திருத்தி, பிரேஸின் பாதம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் தன் இடத்தில் தானாக உட்காரும் வரை காத்திருங்கள். கம்பி அது விழாமல் இருக்க மட்டுமே.

பாதத்தின் அடியையும் குழாயில் அதன் இடத்தையும் பழைய ஈயம், களிம்பு போகச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் போடுவார். வாத்தியத்துக்கு அது வேண்டாம். நவச்சாரம் அம்மோனியச் சேர்மம், மேலே சொன்ன வெடிப்புக்கு நாமே விதை போட்டதாகும். கடையில் கிடைக்கும் ரோசின் பேஸ்டோ ஜிங்க் குளோரைடு ஃபிளக்ஸோ போதும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த கம்பி 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் ஓடும். வாய்ப்பக்கம் மவுத்பைப், ரிசீவர் என்றால் காரீயம் இல்லாத, வெள்ளியும் வெள்ளீயமும் கலந்த கம்பி. அதற்கு 221 டிகிரி வேண்டும். எந்தக் கம்பியானாலும் சன்னலைத் திறந்துவையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

பக்கத்துப் பற்றுகளின்மேல் ஈரத்துணி சுற்றுங்கள். இதைச் செய்யாமல் ஒரு பிரேஸைப் பற்றவைக்கப் போய் மூன்றை விட்டவர்கள் உண்டு. தீயைப் பெரிய பாகத்தின்மேல், பெரும்பாலும் பாதத்தின்மேல், நிற்காமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். ஃபிளக்ஸ் முதலில் கொப்பளிக்கும். பிறகு சத்தம் அடங்கித் தண்ணீர்போலப் படரும். அந்தக் கணத்தில் தீயை விலக்கி, கம்பியை இணைப்பின் ஓரத்தில் தொடுங்கள். இணைப்பின் சூட்டிலேயே ஈயம் இளகி, இடுக்குக்குள் சர்ரென்று இழுபட்டுப் போக வேண்டும். தீயில் கம்பியை உருக்கிச் சொட்டவிட்டால் மேலே முத்துமுத்தாக நிற்கும், உள்ளே ஒன்றும் போகாது. டிரம்பெட் பிரேஸ் பாதம் ஒன்றுக்கு 1.5 மி.மீ. கம்பியில் ஒரு சென்டிமீட்டரே தாராளம். ஈயத்தின் பளபளப்பு சட்டென்று மங்கும் வரை மூச்சு விடாமல் பிடித்திருங்கள். அதற்குமுன் அசைந்தால் பற்று பொரிபொரியாகி, பார்க்க ஒட்டியிருக்கும், தொட்டால் விடும்.

ஆறியதும் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஜிங்க் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டு பித்தளையை அரிக்கும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. சுற்றிலும் லாக்கர் கருகியிருக்கும். அது தவிர்க்க முடியாதது. மனம் ஆறாதவர்கள் தெளிந்த லாக்கர் ஸ்பிரே அடித்துக்கொள்ளலாம்.

குளிர்காலக் காலையில் சின்ன பியூட்டேன் டப்பா டார்ச் சீறாமல் முனகும். பியூட்டேன் ஆவியாவது மைனஸ் அரை டிகிரியில். வெளியே பூஜ்யம் என்றால் டப்பாவுக்குள் அழுத்தமே இருக்காது. வீட்டுக்குள் வைத்திருந்து எடுங்கள், அல்லது வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். டப்பாவை அடுப்பருகே வைத்துச் சூடாக்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

ஒழுகலும் செந்நோயும்

சைக்கிள் கடையில் பங்சர் பார்ப்பதுபோலத்தான். டியூனிங் வளைவைக் கழற்றி, ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மறுவாயில் ஊதுங்கள். எச்சில் தண்ணீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க்கைச் சுற்றிக் குமிழி வந்தால் கார்க் மாற்ற வேண்டும். பழையதைச் சுரண்டி எடுத்து, கிண்ணத்தின் விட்டத்தை அளந்து, நெருக்கமான துளையில்லாத கார்க்கில் சற்றே பெரிதாக வெட்டி உருட்டிச் செருகுங்கள். அரக்கோ காண்டாக்ட் பசையோ ஒரு சொட்டு. கிண்ணத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நின்றால் போதும். அதிகமானால் ஒரு பக்கம் மட்டும் படும், எதிர்ப்பக்கம் காற்று போகும். கீயை மூடி ஒரு நாள் வைத்தால் குழாயின் வாய் கார்க்கில் வட்டமாகப் பதியும். அந்த வட்டம் எங்கும் அறுபடாமல் இருந்தால் வேலை முடிந்தது.

வால்வு ஸ்லைடுக்குத் தண்ணீர் வேண்டாம். வால்வை அழுத்தாமல் மூன்றாவது ஸ்லைடை ஓரங்குலம் இழுத்து, ஐந்து எண்ணி, வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று கேட்டால் காற்று நிற்கிறது.

செந்நோய் என்பது லாக்கருக்கு அடியில், பெரும்பாலும் மவுத்பைப்பில், ரோஜா நிறத் திட்டும் அதன் நடுவில் கறுத்த புள்ளியுமாகத் தெரியும். எச்சிலின் அமிலமும் ஈரமும் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பஞ்சுபோன்ற செம்பை விட்டுவிட்டதன் அடையாளம். வெளியே புள்ளி தெரிந்தால் உள்ளிருந்து அரித்து வந்துவிட்டது என்று பொருள். பாலிஷ் போட்டுப் போக்க முடியாது; தேய்க்கத் தேய்க்கத் துளை சீக்கிரம் விழும். தற்காலிகமாக, மலைத்தேன் விற்கும் கடைகளில் கிடைக்கும் தேன்மெழுகைக் கையில் பிசைந்து துளைமேல் அழுத்துங்கள். 62 டிகிரிக்குமேல்தான் அது உருகும், ஆகவே வெயிலில் நின்று வாசித்தாலும் தாங்கும். எபாக்சி பூசிவிட்டால் பிறகு ஈயம் ஒட்டாது. பட்டறைக்காரர் அதைச் சுரண்டவே பாதி நாள் ஆகும். ஒரே ஒரு திட்டு என்றால் 0.4 மி.மீ. பித்தளைத் தகட்டைக் குழாயின் வளைவுக்கு வளைத்து, நோய்ப்பட்ட இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 மி.மீ. போகும்படி வெட்டி, மேலே சொன்ன முறையில் ஈயத்தால் பற்றவைக்கலாம். இரண்டு மூன்று திட்டு என்றால் மவுத்பைப்பையே மாற்ற வேண்டும்.

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் பட்டறைக்கு அனுப்பும்போதும், பேண்டு வாத்தியங்கள் தயாராகும் மீரட்டின் ஜலி கோட்டிப் பகுதியிலிருந்து உதிரிபாகம் வரவழைக்கும்போதும், வால்வு மூடியின் மரை, ஸ்லைடின் வெளிவிட்டம், மவுத்பைப்பின் நீளம் மூன்றையும் வெர்னியரால் அளந்து எழுதி அனுப்புங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டிரம்பெட்டின் மூடிகள் ஒன்றில் ஒன்று ஏறாது. மவுத்பீஸைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, பெல்லுக்குள் பழைய துண்டைத் திணித்து, இரண்டாவது ஸ்லைடு இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி பெட்டியில் படுக்கவையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி பஸ்ஸின் மேலே உருளாமல், மடியில் இருக்கட்டும்.